தகட்டுக்கு இந்தப் பக்கம்

ணங் என்று கேட்டால் இரும்பு சரியான இடத்தில் இருக்கிறது, தொப் என்று கேட்டால் நகர்ந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த தெருக் கமலேஷ் அந்த இரும்பை என் கையில் திணித்தாள், சோப்புக்கட்டி அளவுதான், ஆனால் மணிக்கட்டைக் கீழே இழுக்கிற கனம், அவளுடைய கைச்சூடு இன்னும் அதில் இருக்கிறது, எனக்கு அதுவே பிடிக்கவில்லை. "இத்த புடிக்கா, பொண்ணு போன் பண்றா லூதியானால இருந்து, எடுக்கலன்னா அழுவா. அவரு அந்தாண்ட தட்டுவாரு, நீ இந்தாண்ட முட்டுக் குடு. பேசவே வேணாம், பேசறதெல்லாம் அவரே பேசிக்குவாரு. ஒரு தட்டு தட்னா நிறுத்துன்னு அர்த்தம், ரெண்டு தட்னா போலாம்னு அர்த்தம், அவ்ளோதான்." காபி கொடுக்க வந்தவள் நான், டம்ளர்களை மட்கார்டு மேல் வைத்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும். "ஏற முடியுமா, இல்ல இடுப்புல கை குடுத்துத் தூக்கவா?" என்று அவள் கேட்டதால்தான் ஏறினேன், கேட்காமல் இருந்திருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். முட்டி இன்னும் விண்விண்ணென்று தெறிக்கிறது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள், இந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். நான் பழைய மிலிட்டரி லாரியின் கேபினுக்குள், கவிழ்த்துப்போட்ட பெயின்ட் டப்பா மேல், முன்கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சுவருக்கு அப்பால், சரக்கு ஏற்றும் தொட்டிக்குள், என் கணவர் நிற்கிறார். அவர் கீழே இறங்கி வயரைச் சுருட்டப் போயிருந்த நேரத்தில் கமலேஷ் இறங்கினாள், நான் ஏறினேன், அவர் பார்க்கவில்லை. சுவரிலிருந்த சின்ன ஜன்னல் ஓட்டையைத் தூசி வராமலிருக்கப் பலகை வைத்து அடைத்திருக்கிறார், அதனால் இப்போதும் பார்க்க முடியாது. உள்ளே இருப்பது கமலேஷ் என்றுதான் நினைப்பார். சொல்லிவிடலாம், நான்தாங்க என்று ஒரு வார்த்தை, அதற்கு வாயைத் திறப்பதற்குள் முதல் அடி விழுந்தது. தொப்.

"இன்னும் மேலே, பாபி. இன்னும் கொஞ்சம் மேலே." இந்தியில் சொல்கிறார். பாபி என்றால் அண்ணி. கமலேஷிடம் அவர் எப்போதும் இந்தியில்தான் பேசுவார், பதான்கோட்டில் அவளைப் பார்த்த நாளிலிருந்து அப்படித்தான், அவள் இந்த ஊருக்கு வந்து தமிழ் பேச ஆரம்பித்துத் தெருவையே மடக்கிப் பேசுகிற அளவுக்குத் தேறிய பிறகும் இவர் மாற்றிக்கொள்ளவில்லை. நான் இரும்பை மேலே நகர்த்தினேன். ணங். உள்ளங்கையில் ஆரம்பித்து முழங்கை வழியாகப் பல்லுக்குப் போகிறது அந்தச் சத்தம். "அச்சா," என்றார். அந்த அச்சா எனக்கு இல்லை என்று தெரிந்தும் உடம்பில் ஒரு இடம் கூசியது. எத்தனை வருஷமாயிற்று இவர் என்னிடம் ஏதாவது ஒன்றை நன்றாயிருக்கிறது என்று சொல்லி. சாப்பிடும்போது சொல்ல மாட்டார், தட்டைத் துடைத்ததுபோல் வைப்பார், அதிலிருந்து நான் புரிந்துகொள்ள வேண்டும். இப்போது ஒரு இரும்புத்துண்டை இரண்டு விரற்கடை நகர்த்தியதற்கு அச்சா. தொடர்ந்து அடிக்கிறார், அவசரமில்லாமல், ஒவ்வொரு அடிக்கும் நடுவில் தகட்டைத் தடவிப் பார்க்கிறார், தடவுவது இந்தப் பக்கத்தில் சரசரவென்று கேட்கிறது. பழைய பனியனைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு தடவுவார், வெறுங்கைக்குத் தெரியாத மேடுபள்ளம் துணி சுற்றிய கைக்குத் தெரியுமாம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, கமலேஷுக்குச் சொன்னார், நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டேன். அன்றைக்கு அவர் கையை எடுத்து அவள் தகட்டின் மேல் வைக்கவில்லை, அவள் கையை அவரும் வைக்கவில்லை, ஒரு முழத்துக்குள் நெருங்கவே இல்லை இரண்டு பேரும், அவள் அவளுடைய துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தானே தடவிப் பார்த்து, ஆமாம் பாயி சாப், இங்கே ஒரு குழி இருக்கிறது என்றாள். நான் குக்கரின் விசிலைத் தவறவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, காது கேளாதவன் ஒருவன் பாட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இவர் இந்தத் தகட்டைத் தடவுகிறார், இந்தச் செத்த தகட்டை, என் தோளில் அந்தக் கை அப்படி ஒரு நாள் இருந்திருந்தால் எனக்கு இந்த லாரிமேல் எந்தக் கோபமும் இருந்திருக்காது.

இதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று நான் பார்த்தது லாரி இல்லை, ஒரு நோய். ஏதோ குவாரியில் தண்ணீர் சுமந்து, பிறகு கைவிடப்பட்டு, மழையில் கிடந்த சக்திமான் என்கிற பட்டாளத்து வண்டி. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள், உள்ளே நுழைக்க என் சீத்தாப்பழ மரத்தை வெட்டினார்கள், துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்தார்கள். காட்பாடி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள், வந்து வந்து பார்த்தார்கள், ஏகாம்பரம் அண்ணே, இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, எடைக்குப் போட்ருங்க என்றார்கள். இவர் சிரித்தார். விரலால் தொட்டால் உதிர்ந்தது, செம்பொடி, கதவின் அடிப்பக்கம் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள், துரு என்றால் எனக்கு முதலில் கோதுமைதான் ஞாபகம் வரும், கோதுமைத் தண்டில் செம்புள்ளி செம்புள்ளியாக வருகிற பூஞ்சை, கண்ணாடித் துண்டில் வைத்துப் பெண்களை வரிசையாகப் பார்க்க வைப்பேன். அந்தப் பூஞ்சைக்கு ஒரு செடி போதாது, அதன் வாழ்க்கையில் பாதி கோதுமையில், மீதி வேறொரு முள்செடியில், ஒன்றை மட்டும் பார்த்தால் அதன் கதை விளங்காது என்று வருஷா வருஷம் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்தேன். கோதுமை விளைகிற ஊர்க்காரி கிணற்றடியில் சிரிக்கிறாள், இங்கே கேட்கிறது. முள்செடி இங்கே பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருக்கிறது. அழுகின தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பற்றவைத்த தையலை அடித்துச் சமன்செய்து, பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து. தேய்க்கும்போது தெரிந்தது, மேலே குவாரிக்காரன் அடித்த நீலம், அதன் கீழ் ஒரு மஞ்சள், அதன் கீழ் மண் நிறம், எல்லாவற்றுக்கும் கீழே அந்தப் பச்சை. பச்சை வந்ததும் இவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே நின்றார். கமலேஷும் பக்கத்தில் போய் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, இவருக்கும்தான், இரண்டு பேரும் ஒரே பச்சையைப் பார்த்தார்கள். எனக்கு அது ஒரு பச்சை.

தொப். "பாபி, தூங்கிவிட்டீர்களா?" ஐயோ. மேலே, மேலே. ணங். "முனி இப்படித்தான். ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது, கீழே பள்ளத்தாக்கு, பனி கண்ணாடி மாதிரி, பக்கத்தில் குறட்டை." சிரிக்கிறார். முனி என்றால் முனிரத்தினம், கமலேஷின் கணவர், இவரோடு ஒரே வண்டியில் இரண்டாவது டிரைவராகப் பல வருஷம் இடது பக்கம் உட்கார்ந்து வந்தவர், மூன்று வருஷத்துக்கு முன் இந்த ஊரில்தான், ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. பனி, பள்ளத்தாக்கு, குறட்டை. இவர் என்னிடம் சொன்ன மலைக்கதைகளெல்லாம் இரண்டு வரி, குளிர் அதிகம், ரொட்டி காஞ்சு போயிருக்கும், அவ்வளவுதான். அதே ஆள் இந்தியில் என்றால் இப்படி ஓடுகிறார், மடை திறந்ததுபோல. தமிழில் நான் கட்டிக்கொண்டது ஒருவரை, இந்தியில் இருக்கிறவர் வேறொருவர், அவரை அவளுக்குத்தான் தெரியும்.

அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று, எனக்கு இந்தி புரியும். முழுதாகப் புரியும். என் அண்ணன் காட்பாடி ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசிவிட்டு வந்து, கையைக் கெரசின் வைத்துக் கழுவியவன், நான் சொம்பில் தண்ணீர் ஊற்றினேன், அப்போது பள்ளிக்கூடப் பெண். பிறகு பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு, முதல் லீவு முடிந்து அவரை ரயில் ஏற்ற அதே ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது, அவர் கதவில் நின்றுகொண்டு, "குவார்ட்டர்ஸ் கெடைக்கும்போல, வரியா?" என்றார். ஓடுகிற வண்டியிலிருந்து கேட்டால் என்ன பதில் சொல்வது, பிளாட்பாரத்தில் என் மாமியார், என் அண்ணன், வேர்க்கடலை விற்கிறவன், எல்லோரும் பார்க்கிறார்கள், வாயில் வந்தது, "பரீட்சைப் பேப்பர் திருத்தணும்." அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. நான் திரும்பி நடக்கும்போது அந்தப் பலகையைப் பார்த்தேன், புதுசாகப் பெயின்ட் அடித்து இந்தி எழுத்து மறுபடி வந்திருந்தது, எனக்கு அது கோடுகளில் தொங்குகிற துணிகள் மாதிரி இருந்தது. சத்துவாச்சாரியில் ஒரு ராவ்ஜி வீட்டு அம்மாளிடம் இந்தி படிக்கப் போய்ச் சேர்ந்தேன், கல்லூரி விட்டு வரும் வழியில், ரெக்கார்டு நோட்டு அட்டைக்குள் பாடப்புத்தகத்தை மறைத்து வைத்து, அண்ணனுக்குத் தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவான். இந்திப் பரீட்சையில் பிராத்மிக் எழுதினேன், மத்யமா எழுதினேன். அடுத்த லீவில் வருவார், மறுபடி கேட்பார், அப்போது இந்தியிலேயே வருகிறேன் என்று சொல்ல வேண்டும், அந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இன்னொரு தடவை கேட்பார் என்று நம்பி ஒரு மொழியையே கற்றுக்கொண்டவள் நான். அவர் வந்தார். கூடவே முனிரத்தினம், கூடவே முனிரத்தினத்தின் புதுப் பெண்டாட்டி, பதான்கோட்டில் டிப்போ வாசலில் டீக்கடை வைத்திருந்தவரின் மகள், கோதுமை நிறம், மூக்கில் ஒரு கல். வாசலிலேயே மூன்று பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், அவள் பேசியது தண்ணீர் கல்மேல் இறங்குவதுபோல் இருந்தது. என்னிடம் இருந்தது இது பேனா, அது மேசை, ராமன் பள்ளிக்குப் போகிறான். என் வாக்கியத்தை நான் விழுங்கிவிட்டேன். அவர் கேட்கவும் இல்லை.

விழுங்கினது விழுங்கினதாகவே இருந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துச் சொல்லியிருக்கலாம், ஒரு வருஷம் கழித்துச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், பிறகு சொல்ல முடியாததாகிவிட்டது. அவர் பென்ஷனோடு வந்துசேர்ந்தார், முனிரத்தினமும் அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்தார், சாயங்காலமானால் எங்கள் வராந்தாவில் மூன்று நாற்காலி, நான் உள்ளே பேப்பர் திருத்துவேன், காது மட்டும் வெளியே. எதற்காகக் காத்திருந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாயிருக்கிறது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு தப்பான வார்த்தை அந்த இந்தியில் கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அதை எடுத்து வைத்துக்கொண்டு அழுதிருக்கலாம். கிடைக்கவில்லை. டீசல் வடிகட்டி, முட்டிவலித் தைலம், பெண்ணுக்கு வரன், எவனோ ஒரு சுபேதாரின் தொந்தி, இவ்வளவுதான் பேசினார்கள், முனிரத்தினம் போன பிறகும் இரண்டு நாற்காலியில் அதையேதான் பேசினார்கள், நடுவில் ஒரு நாற்காலி காலியாக. அது எனக்குப் போடப்பட்ட நாற்காலி இல்லை. ஒருநாள் கமலேஷ் சொன்னாள், "இன்னாக்கா, உள்ளயே கீற, வெளிய வாயேன், நாங்க இன்னா கடிச்சா வெச்சிடப் போறோம்?" எனக்குத் தலைவலி என்றேன். அவள் தமிழைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான். நான் பேசினால் பாடம் நடத்துவதுபோல் இருக்கும், அவளிடம் கீரைக்காரி கூட நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாள், இந்த ஊரில் பிறந்தவள் நான், இந்த ஊர் அவளிடம் போய் ஒட்டிக்கொண்டது.

ணங், ணங், ணங். தோள்பட்டை இறங்குகிறது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் கிழக்குப் பக்க மூலையிலிருந்து நடுவுக்கு வருகிறார், நான் சத்தத்தைத் தொடர்ந்து போகிறேன், இப்போது தவறுவதில்லை, அடி விழுவதற்கு முன்பே மூச்சு எடுக்கிற சத்தத்தில் எங்கே விழும் என்று தெரிகிறது. இது கமலேஷுக்குத் தெரியுமா, அவர் மூச்சு எடுத்துக்கொண்டு அடிப்பது. தெரிந்திருக்கும். நான் உட்கார்ந்திருக்கும் இடம் எது என்று இப்போதுதான் உறைத்தது. இடது பக்கம். ஸ்டியரிங் என் வலது முழங்கைக்குப் பின்னால் இருக்கிறது, இல்லை, திரும்பி உட்கார்ந்திருக்கிறேன், இடது முழங்கைக்குப் பின்னால். இரண்டே இரண்டு இருக்கைதான் இந்தக் கேபினில், இரண்டும் வேலூரில் தார்ப்பாய் தைக்கிறவரிடம் புது உறை போடப் போயிருக்கின்றன, அவருடையது வலது, இந்த டப்பா இருக்கும் இடத்தில் வரப்போவது முனிரத்தினத்துடையது. குடியரசு நாளன்று முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து ஊர்வலம், இந்த லாரிதான் முன்னால் போகும், காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டிக் கோட்டை மைதானம் வரை. தீர்மானமான நாளிலிருந்து நான் ஒன்றே ஒன்றுதான் நினைக்கிறேன், இடது பக்கம் யார். அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கமலேஷ் அந்தப் பட்டாளத்து வாழ்க்கையை நேரில் பார்த்தவள், அவள் கணவன் இடம், நியாயப்படி அவளுக்குத்தான், இதை நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் போன வாரம் அந்தப் பச்சைக் காட்டன் புடவையை எடுத்துக் கஞ்சி போட்டேன், கரை கறுப்பு, லாரியின் நிறத்துக்கு ஒத்துப்போகும் என்று யாருக்கும் சொல்லாமல். கொடியில் காய்ந்ததை அவள் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, மிலிட்டரி கலர்ல பொடவ, பார்டருக்கா கெளம்பற?" ஒரு கல்யாணத்துக்கு என்றேன். "ஒனக்கு நல்லாருக்கும்க்கா, நீ செவப்பு," என்றாள். மனதாரத்தான் சொன்னாள், அவளுக்கு மனதில் ஒன்று வாயில் ஒன்று வராது, அதுவும் எனக்குத் தாங்க முடியாத ஒன்று.

அடி நின்றது. தடவுகிறார், சரசர, சரசர, தகட்டுக்கு அந்தப் பக்கம் அவர் கை என் முகத்துக்கு நேரே போகிறது. ஒரு சாண்கூட இல்லை எங்களுக்கு நடுவில். "இப்போது சமமாகிவிட்டது, பாபி," என்றார், குரல் தாழ்ந்திருந்தது. "பட்டியே தேவைப்படாது." இரும்பை எடுக்கலாமா என்று யோசித்தேன். இந்தியில் அவர் பேசுவது எனக்குள் எப்போதும் பாடப்புத்தகத் தமிழாகத்தான் மாறும், ராவ்ஜி வீட்டு அம்மாள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். அவர் சொன்னார், "பாபி, நீங்கள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள்."

கேட்டிருக்கிறார். அவளைக் கேட்டிருக்கிறார், எப்போது கேட்டார், நான் எங்கே இருந்தேன், பால் வாங்கப் போனபோதா, சமையலறை ஜன்னலை விட்டு நான் நகர்ந்ததே இல்லையே. "முனியின் இடத்தில் உட்கார மனம் வரவில்லை என்கிறீர்கள். சரி. அது எனக்குப் புரிகிறது." மெதுவாக ஒரு அடி, பழக்கத்தில் அடித்தது, தேவையில்லாதது. ணங். "அக்காவைக் கூப்பிடுங்கள் என்று தினமும் சொல்கிறீர்கள். எப்படிக் கூப்பிடுவது?" ணங். அவள் வேண்டாமென்று வைத்தது. அவள் தட்டிலிருந்து ஒதுக்கியது, அவள் வாயாலேயே எனக்குச் சிபாரிசு, தினமும், நான் ஒரு வாரமாகக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கும் புடவை அவள் விட்டுக்கொடுத்த இடத்துக்கு. நெற்றியைத் தகட்டில் வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. "ஒரு தடவை கூப்பிட்டேன், பாபி. ஸ்டேஷனில். பேப்பர் திருத்த வேண்டும் என்றாள். அன்றைக்கு நாக்பூர் வரை நான் ஒரு கவளம் சாப்பிடவில்லை, முனிக்குத் தெரியும், முனிதான் ஆரஞ்சுப் பழம் வாங்கி உரித்துக் கொடுத்தான். படித்தவள், அவளுக்கு அவளுடைய வேலை, அவளுடைய புத்தகம். நான் கூப்பிட்டு, அவள் மறுபடி அதே மாதிரி ஒன்று சொல்லிவிட்டால், இந்த வயதில் எங்கே போய் ஆரஞ்சு தின்பது." சிரிக்க முயன்றார். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது என்று நான் கத்த வேண்டும், அது கேட்பதா, ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டு கேட்பதா, இறங்கி நின்று கேட்டிருக்க வேண்டும், என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும், நாக்பூர் என்கிறார், ஆரஞ்சு என்கிறார், இதைக்கூட முனிரத்தினத்துக்கும் இவளுக்கும் தெரியும், என்னை நினைத்துப் பட்டினி கிடந்ததுகூட எனக்குத் தெரியாமல் இவர்கள் மூன்று பேருக்குள் இருந்திருக்கிறது. "நீங்களே கேட்டுவிடுங்களேன், பாபி. நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டாள்."

நான் இரும்பால் தகட்டை ஒரு தட்டு தட்டினேன். நிறுத்து.

"என்ன, கை வலிக்கிறதா?" என்றார். அதே சமயம் கிணற்றடியிலிருந்து கமலேஷின் சிரிப்பு, தெளிவாக, நீளமாக, ஏதோ பஞ்சாபியில் மகளைத் திட்டிக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு வந்தது. எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டது. தொட்டிக்குள் பலகை ஒருமுறை முனகியது. அவர் மூச்சு எடுப்பது மட்டும் தெரிந்தது, அடிப்பதற்கு முன் எடுப்பதுபோல, ஆனால் அடி விழவில்லை. இப்போது இந்த வீட்டில் இருப்பது இரண்டே பெண்கள், ஒருத்தி கிணற்றடியில்.

"உள்ள யாரு?" என்றார், தமிழில். "மனோவா?"

"ம்."

"எவ்ளோ நேரமா இருக்க?"

"காப்பி கொண்டாந்தேன். அவ புடிக்கச் சொன்னா."

"மொதல்லருந்தா?"

"மொதல்லருந்துதான்."

சுத்தியலைக் கீழே வைக்கும் சத்தம். நேரம் எடுத்துக்கொண்டு வைத்தார், முட்டையை வைப்பதுபோல. "நான் பேசிக்கினு இருந்தது கேட்டுச்சா?"

"கேட்டுது."

பிறகு, தகட்டுக்கு மிக அருகில் வந்து, "புரிஞ்சுதா?"

இல்லை என்று சொன்னால் போதும். இல்லை என்றால் எல்லாம் அப்படியே இருக்கும், மத்தியானம் கமலேஷ் வந்து, அக்கா நீ வண்டில ஏறுக்கா என்பாள், நான் யோசிப்பதுபோல் யோசித்துச் சரி என்பேன், அவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அந்தப் பாலத்தைத் தாண்டுவேன், அவர் தான் கேட்காமலேயே என்னை அழைத்துப்போனவராக இருப்பார். ஆமாம் என்றால், அத்தனை சாயங்காலமும் அவருக்குத் திரும்பி வரும், மூன்று நாற்காலி, உள்ளே ஒரு விளக்கு, விளக்கின் கீழ் ஒருத்தி. பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு நாளாகத் தடவிப் பார்ப்பார், இங்கே என்ன சொன்னேன், அங்கே என்ன சொன்னேன், எங்கே பள்ளம். எதற்காகப் படித்தாய் என்று கேட்பார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது, அதைச் சொன்னால் நான் என் எழுபது வயதில், முட்டிவலியோடு, ஒரு பெயின்ட் டப்பா மேல், பொறாமைக்காரி என்று அவர் முன் நிற்க வேண்டும். இரும்பு வியர்த்துவிட்டது, அல்லது என் கை. கமலேஷின் சூடு அதில் எப்போதோ போய்விட்டது, இப்போது இருப்பது என்னுடையது.

தகட்டின் நடுவில், அவர் குரல் வந்த இடத்தில் வைத்துத் தட்டினேன். ணங். ணங். போலாம்.

கிணற்றடியிலிருந்து செருப்புச் சத்தம் வந்தது, கமலேஷ் கதவோரம் நின்றாள், போனைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே. "பொண்ணு ஒன்ன வெசாரிச்சாக்கா. இன்னா ரெண்டு பேரும் வாய மூடிக்கினு கீறீங்க, சண்டையா? குடு, கை கழண்டிருக்கும்," என்று கையை நீட்டினாள். வளையல் இரண்டு, உள்ளங்கை முழுக்கத் துருவின் செம்பொடி. என் உள்ளங்கையைப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான் இருந்தது. நான் இரும்பைக் கொடுக்கவில்லை.

"காபி ஆறியிருக்கும், கமலேஷ், நீ போய் அதைச் சூடு செய்து கொண்டு வா," என்றேன். இந்தியில். ராவ்ஜி வீட்டு அம்மாள் சொல்லிக்கொடுத்தபடி, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு, ராமன் பள்ளிக்குப் போகிறான் என்பதுபோல.

அவள் நீட்டிய கை அங்கேயே நின்றது. நான் அவளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தகட்டுக்கு அந்தப் பக்கம் சுத்தியலைக் கையில் எடுக்கிற சத்தம் கேட்டது. இரும்பை இன்னும் கொஞ்சம் மேலே வைத்தேன்.